மசாய் மாரா சஃபாரி: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

இந்த முறை ஆப்பிரிக்கச் சஃபாரி பற்றி வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலானவர்கள் கேட்டிருப்பது கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகம் பற்றித்தான். இங்கே தரும் நுழைவுக் கட்டணங்கள் 2024 முதல், காப்பகம் அமைந்துள்ள நரோக் கவுன்டியின் அரசு வசூலிப்பவை. பதிவு செய்யும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆகஸ்டில் நானும் மனைவியும் மசாய் மாரா போக இரண்டு நிறுவனங்களிடம் விலை கேட்டோம். இரண்டுமே நைரோபியில் கிளம்பி 3 நாள், 2 இரவு. ஒருவர் தலைக்கு 480 டாலர் என்கிறார், மற்றவர் 950. இரண்டிலும் 'பார்க் ஃபீஸ் உட்பட' என்றே போட்டிருக்கிறது. 950 கேட்பவர் கொள்ளையடிக்கிறாரா? (வாசகர், கோவை)

கொள்ளை என்று சொல்ல மாட்டேன். இருவரும் ஒரே பொருளை விற்கவில்லை, அவ்வளவுதான். நுழைவுக் கட்டணத்தைப் பிரித்துப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

வெளிநாட்டவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு நாளைக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். 9 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு 50 டாலர், அதற்குக் கீழே இலவசம். டிக்கெட் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரைதான் செல்லும். முன்பெல்லாம் 24 மணி நேர டிக்கெட் இருந்தது. பழைய பயணக் கட்டுரைகளைப் படித்துவிட்டுக் கணக்குப் போடுகிறவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள்.

நீங்கள் காப்பகத்துக்கு வெளியே தங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மதியம் வந்து சேர்ந்து சாயங்காலம் இரண்டு மணி நேரம் உள்ளே போனாலும் 200 டாலர். இரண்டாம் நாள் 200. மூன்றாம் நாள் காலை ஒரு சுற்றுப் போனால் இன்னொரு 200. மொத்தம் 600. அப்படியிருக்க 480 டாலரில் அறை, சாப்பாடு, வண்டி, டீசல், ஓட்டுநர் சம்பளம், மூன்று நாள் கட்டணம் எல்லாம் எப்படி அடங்கும்? அடங்காது. அந்தத் தொகுப்பில் இருப்பது அநேகமாக ஒரே ஒரு நாள் கட்டணம். முதல் நாள் 'மாலை கேம் டிரைவ்' (விலங்குகளைத் தேடி வண்டியில் சுற்றுவது) என்பது வாயிலுக்கு வெளியே ஒரு சின்னச் சுற்றாகவோ, கிராமத்தைப் பார்த்துவருவதாகவோ இருக்கும். மூன்றாம் நாள் காலைச் சாப்பாடு முடிந்ததும் நேராக நைரோபி.

காப்பகத்துக்கு உள்ளேயே தங்கினால் கணக்கு மாறும். கிளம்பும் நாள் காலை 10 மணிக்குள் வெளியே வந்துவிட்டால் அந்த நாளுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. இரண்டு நாள் கட்டணம், 400 டாலர், கட்டினால் போதும். முதல் நாள் சாயங்காலம், மறுநாள் முழுவதும், மூன்றாம் நாள் விடியற்காலை என்று விலங்குகள் நடமாடும் நேரமெல்லாம் உங்கள் கையில். சிங்கமும் சிறுத்தையும் உச்சி வெயிலில் நிழல் தேடிப் படுத்துவிடும். வேட்டையும் விளையாட்டும் பெரும்பாலும் வெயில் ஏறுவதற்கு முன்பும் சாய்ந்த பிறகும்தான். 480 டாலரில் உங்களுக்குக் கிடைப்பது ஒரு காலை, ஒரு மாலை. 950 கேட்பவர் உள்ளே தங்கவைக்கிறார் என்றால் இரண்டு காலை, இரண்டு மாலை.

'என்றால்' என்று சொல்லக் காரணம், அவரும் வெளியே தங்கவைத்துவிட்டு விலையை மட்டும் ஏற்றியிருக்கலாம். ஆகவே இருவரிடமும் எழுத்தில் கேளுங்கள்: எத்தனை நாள் கட்டணம் சேர்ந்திருக்கிறது? தங்கும் இடத்தின் பெயர் என்ன, அது எந்த வாயிலுக்குப் பக்கம், உள்ளேயா வெளியேயா? வண்டி வேனா லேண்ட் குரூசரா, அதில் நாங்கள் மட்டுமா, வேறு யாராவது வருவார்களா? ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்கு உள்ளே, எத்தனை மணிக்கு வெளியே? செகனானி, தலெக், ஒலூலைமுத்தியா வாயில்களை ஒட்டித்தான் மலிவான கூடாரங்கள் பலவும் இருக்கின்றன. அங்கே தங்குவதில் தவறே இல்லை. ஆனால் மூன்று நாள் கட்டணம் கட்டவில்லை என்றால் அதை மூன்று நாள் சஃபாரி என்று நினைத்து வாங்காதீர்கள்.

கேள்வி: ஆற்றைக் கூட்டமாகக் கடக்கும் வில்டபீஸ்ட் மான்களைப் பார்க்க ஆசை. ஆனால் ஜூலைக்குப் பிறகு விலை இரண்டு மடங்கு. பிப்ரவரியில் போனால் ஒன்றுமே இருக்காதா? (வாசகி, திருச்சி)

நிறையவே இருக்கும். சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி, சிவிங்கிப்புலி, கழுதைப்புலி, நீர்யானை எல்லாம் வருடம் முழுக்க மாராவிலேயே இருப்பவை. வந்து போவது வில்டபீஸ்ட் கூட்டமும் அதோடு சேர்ந்து வரும் வரிக்குதிரைகளும்தான். சுமார் 13 லட்சம் வில்டபீஸ்ட்கள் மழையையும் புல்லையும் தேடி தான்சானியாவின் செரங்கெட்டிக்கும் மாராவுக்கும் இடையே சுற்றிவருகின்றன. மாரா பக்கம் அவை இருப்பது ஏறக்குறைய ஜூலை பிற்பகுதியில் இருந்து அக்டோபர் வரை.

ஆற்றைக் கடப்பதற்கு நாளும் நேரமும் யாராலும் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கில் கரையில் வந்து நிற்கும், மணிக்கணக்கில் தயங்கும், பிறகு வந்த வழியே திரும்பிவிடும். ஒரே நாள் மட்டும் கட்டணம் கட்டி அதற்காகவே போகிறவர்களுக்கு ஏமாற்றம் அதிகம். அந்தக் காட்சிதான் வேண்டும் என்றால் செப்டம்பரில் நான்கு இரவாவது ஒரே இடத்தில் தங்கும்படி வாங்குங்கள். அதற்குப் பணம் போதவில்லையா, ஜனவரியோ பிப்ரவரியோ போங்கள். பாதிக் கட்டணம், வறண்ட வானிலை, குறைந்த கூட்டம். முதல்முறை போகிறவர்களுக்கு என் ஓட்டு இந்த மாதங்களுக்குத்தான்.

ஏப்ரல், மே விலை இன்னும் இறங்கும். அது பெருமழைக் காலம். மாராவின் பெரும்பகுதி கரிசல் மண். மழையில் கரிசல் என்ன செய்யும் என்று கோவில்பட்டிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதங்களில் வேன் தொகுப்பு வாங்கவே வாங்காதீர்கள்.

இன்னொன்று. பிப்ரவரியில் வில்டபீஸ்ட்கள் கன்று ஈனுவதைப் பார்க்கலாம் என்று சிலர் விளம்பரம் செய்கிறார்கள். அது நடப்பது தெற்குச் செரங்கெட்டியில், தான்சானியாவில். மாராவில் இருந்து அப்படியே எட்டிப் பார்த்துவிட்டு வர முடியாது. இரண்டுக்கும் நடுவே உள்ள மணல் ஆற்று எல்லை வழி 1977 முதல் பயணிகளுக்கு மூடியே இருக்கிறது. இசெபானியா, நமாங்கா என்ற எல்லைச் சாவடிகளில் ஒன்றுக்குப் போய்ச் சுற்றித்தான் வர வேண்டும். தான்சானியாவுக்குத் தனி விசா, தனிப் பூங்காக் கட்டணம், பெரும்பாலும் தனி வண்டி.

கேள்வி: எங்கள் ஏஜென்ட், காப்பகத்துக்குள் வேண்டாம், பக்கத்தில் உள்ள 'கன்சர்வன்சி'யில் தங்குங்கள் என்கிறார். விலை ஏறக்குறைய இரட்டிப்பு. கமிஷனுக்காகச் சொல்கிறாரா? (வாசகர், சென்னை)

அவருக்குக் கமிஷன் கூடுதலாகக் கிடைக்கலாம். ஆனாலும் அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது.

மசாய் மாரா காப்பகம் சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். அதன் வடக்கிலும் கிழக்கிலும் இருக்கும் புல்வெளி மசாய் பழங்குடிக் குடும்பங்களுக்குச் சொந்தமான பட்டா நிலம். காப்பகத்துக்கு வேலி கிடையாது, விலங்குகளுக்கு எல்லையும் தெரியாது. அந்த நிலத்தைக் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து தங்கும் விடுதிகளுக்குக் குத்தகைக்கு விடுகின்றன. நிலத்தின் அளவுக்கு ஏற்ப மாதாமாதம் குத்தகைப் பணம் வரும். பதிலுக்கு அங்கே வேலி போடுவதில்லை, உழுவதில்லை, மாடு மேய்ப்பதற்கும் முறை வைத்திருக்கிறார்கள். ஒலாரே மோட்டோரோகி, நபோய்ஷோ, மாரா நார்த் எல்லாம் இப்படி உருவான கன்சர்வன்சிகள்.

வாங்குகிறவருக்கு என்ன லாபம்? அங்கே தங்குகிறவர்களுக்கு மட்டுமே அனுமதி. இத்தனை ஏக்கருக்கு ஒரு கூடாரம் என்று வரம்பு உண்டு. அதனால் ஒரு சிங்கத்தைச் சுற்றி இருபது வண்டி என்ற கோலம் இருக்காது. காப்பகத்துக்குள் தடை செய்யப்பட்ட இரவு சஃபாரியும், வழிகாட்டியோடு நடந்து போவதும் பல கன்சர்வன்சிகளில் உண்டு. காப்பகத்திலும் ஒரு விலங்குக்கு ஐந்து வண்டி என்ற விதி இருக்கிறது. ஆகஸ்டில் ஆற்றங்கரையில் அந்த விதி பல நேரம் காற்றில் பறக்கிறது.

இது நம் வசதிக்கான விஷயம் மட்டும் இல்லை. மாராவின் சிவிங்கிப்புலிகளைப் பற்றி 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, சுற்றுலா வண்டிகள் குறைவாக உள்ள பகுதிகளில் ஒரு தாய் சராசரியாக இரண்டு குட்டிகளுக்கு மேல் வளர்த்து ஆளாக்குவதாகவும், வண்டிகள் மொய்க்கும் பகுதிகளில் அது ஒன்றுக்கும் வெகு கீழே போய்விடுவதாகவும் கண்டது. பகலில் வேட்டையாடும் விலங்கு அது. சுற்றி வண்டிகள் நின்றால் இரையும் கலையும், தாயும் ஒதுங்கும். கூட்டம் குறைந்த இடத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பதை நான் வீண் செலவாக நினைக்காததற்கு இதுவே முதல் காரணம்.

ஒரு குறையும் உண்டு. வில்டபீஸ்ட்கள் மாரா ஆற்றைக் கடக்கும் பெயர்பெற்ற துறைகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. கன்சர்வன்சியில் இருந்து அங்கே போனால் காப்பகத்தின் கட்டணத்தைத் தனியாகக் கட்ட வேண்டும். இரண்டு இரவு கன்சர்வன்சி, இரண்டு இரவு காப்பகம் என்று பிரித்து வாங்கினால் இரண்டும் கிடைக்கும். அப்புறம், குழந்தைகளோடு போகிறவர்கள் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வேலியில்லாத சில முகாம்களில் சின்னப் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, முதுகுவலி உண்டு. சாலை வழியா, விமானமா? விமானத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் தகுமா? (வாசகி, மதுரை)

தகும். நைரோபியில் இருந்து நரோக் வழியாகச் செகனானி வாயிலுக்கு ஐந்து ஆறு மணி நேரம் ஆகும். இப்போது அந்தச் சாலை நன்றாகவே இருக்கிறது. சிரமம் அதற்குப் பிறகுதான். காப்பகத்துக்குள் எல்லாமே மண் பாதை, தினமும் ஏழெட்டு மணி நேரம் வண்டியில் குலுங்கியபடி போக வேண்டும். முதுகின் பலத்தை அதற்காக மிச்சம் வையுங்கள். நைரோபியின் வில்சன் விமான நிலையத்தில் இருந்து சின்ன விமானத்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் மாராவின் மண் ஓடுதளத்தில் இறங்கிவிடலாம். அதில் ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் மடங்கக்கூடிய துணிப்பையில். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை நைரோபி ஹோட்டலிலேயே விட்டுவிடுங்கள். உங்கள் சர்வதேச விமானம் இறங்குவது வேறு நிலையத்தில், ஜோமோ கென்யாட்டாவில். நடுவில் நைரோபி நெரிசல் இருக்கிறது, ஒரே நாளில் இரண்டையும் நெருக்கமாக வைக்க வேண்டாம்.

வண்டியில் அம்மாவுக்கு நடு வரிசையில் இடம் கேளுங்கள். பின் சக்கரத்துக்கு மேலே உள்ள இருக்கையில்தான் குலுக்கல் அதிகம். கழிப்பறை வாயில்களிலும் ஓடுதளங்களிலும் விடுதிகளிலும்தான் உண்டு. அதை மனதில் வைத்து நாளைத் திட்டமிடும்படி ஓட்டுநரிடம் முதல் நாளே கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். மாரா கடல் மட்டத்தில் இருந்து 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது, விடியற்காலையில் நன்றாகக் குளிரும். சைவச் சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். குஜராத்திகளும் பஞ்சாபிகளும் தலைமுறைகளாக வாழும் நாடு அது. முன்பே சொல்லிவைத்தால் கூடாரத்திலும் பருப்பும் சப்பாத்தியும் கிடைக்கும். மலேரியா மாத்திரை பற்றிக் கிளம்பும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். அம்மா ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் காட்டுங்கள்.

கேள்வி: பைனாகுலர் வாங்கப் போனேன். 1,500 ரூபாய்க்கு '30×60' என்று ஒன்று, 9,000 ரூபாய்க்கு '8×42' என்று இன்னொன்று. 30 மடங்கு பெரிதாகக் காட்டுவது குறைந்த விலையில் கிடைக்கும்போது எதற்கு 8? (வாசகர், சேலம்)

8×42-ஐ வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 30 மடங்கு நிஜமாகவே இருந்தால் கை நடுக்கமும் 30 மடங்கு தெரியும், முக்காலி இல்லாமல் எதையும் பார்க்க முடியாது. அந்த மலிவுப் பெட்டிகளில் எழுதியிருக்கும் எண்களில் பலவும் உண்மையே இல்லை என்பது வேறு விஷயம். சட்டைப்பையில் அடங்குகிற அளவுக் கருவியில் 60 மில்லிமீட்டர் கண்ணாடி எங்கே இருக்கிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள்.

இரண்டாம் எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5-க்குச் சற்று மேல். விடியற்காலை அரையிருட்டில் புதருக்குள் படுத்திருக்கும் சிறுத்தையைப் பார்க்க இது போதும். 8×25 என்ற சின்ன வகையில் அது 3 மட்டுமே, பகலில் பரவாயில்லை, மங்கலில் இருட்டிவிடும். 10×42-ம் நல்லதுதான், கை உறுதியாக இருப்பவர்களுக்கு.

கடையிலேயே சோதியுங்கள். வாசலுக்கு வந்து தூரத்தில் உள்ள பெயர்ப்பலகையைப் பாருங்கள். எழுத்து இரட்டையாகத் தெரிந்தாலோ, ஒரு நிமிடத்தில் கண் வலித்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள், உள்ளே கண்ணாடிகள் நேர்கோட்டில் இல்லை. மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் அதைப் போட்டுக்கொண்டே பார்க்க வேண்டும். வட்டத்தின் ஓரம் வெட்டுப்பட்டால் அந்த மாடல் உங்களுக்கு ஆகாது. வீட்டுக்கு ஒன்று என்று வாங்குவதைவிட இருவருக்கு ஒன்றாவது வைத்துக்கொள்ளுங்கள். கை மாறி வருவதற்குள் விலங்கு புல்லுக்குள் போய்விடும்.

கேமரா லென்ஸ் மட்டும் வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். பெரிய நகரங்களில் 100-400 ஜூம் நாள் வாடகைக்குக் கிடைக்கிறது. வருடத்தில் ஒரு வாரம் பயன்படும் பொருளுக்கு லட்ச ரூபாய் போடத் தேவையில்லை. ஒரு காலி துணிப்பையையும் எடுத்துப்போங்கள். விடுதிச் சமையல்கட்டில் கேட்டு அரிசியோ பயறோ நிரப்பி, வண்டியின் விளிம்பில் வைத்து லென்ஸை அதன்மேல் சாய்த்தால் முக்காலியே வேண்டாம்.

கேள்வி: விசா, தடுப்பூசி இரண்டுக்கும் சேர்த்து ஏஜென்ட் தலைக்கு 12,000 ரூபாய் கேட்கிறார். நியாயமா? (வாசகர், ஈரோடு)

அதிகம். 2024 ஜனவரி முதல் கென்யாவுக்குப் பழைய விசா முறை இல்லை. அதற்குப் பதிலாக 'இடிஏ' என்ற மின்னணுப் பயண அனுமதி. அரசுத் தளத்தில் சுமார் 30 டாலர், நீங்களே வீட்டில் உட்கார்ந்து விண்ணப்பிக்கலாம். தேடினால் முதலில் வந்து நிற்பவை அரசுத் தளம் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள், அவை இரண்டு மூன்று மடங்கு வாங்கும். கென்ய அரசின் முகவரி 'டாட் கோ டாட் கேஇ' என்று முடியும். அதைப் பார்த்துவிட்டு அட்டை எண்ணைக் கொடுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள். கென்யாவில் இருந்து இந்தியா திரும்பும்போது சான்றிதழ் இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்க நம் அதிகாரிகளுக்கு உரிமை இருக்கிறது. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். கடைசி வாரத்தில் ஓடினால் பயனில்லை. ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கப் போதும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் சென்னைத் துறைமுகச் சுகாதார மையத்திலும் போடுகிறார்கள். நாளும் நேரமும் முன்பதிவு செய்ய வேண்டும், பாஸ்போர்ட்டை எடுத்துப்போங்கள். அரசு அங்கீகாரம் பெற்ற மையம் அல்லாத இடத்தில் போட்டால் அந்தச் சான்றிதழ் செல்லாது.

கூடவே ஒன்று: கென்யாவில் பாலிதீன் பைகளுக்கு 2017 முதல் தடை. காப்பகங்களில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் 2020 முதல் கூடாது. துணிப்பையும் எவர்சில்வர் பாட்டிலும் கொண்டுபோங்கள்.

கேள்வி: நைரோபி நிறுவனம் ஒன்று, முழுப் பணத்தையும் இப்போதே வங்கி வழியாக அனுப்பினால் 5 சதவீதம் தள்ளுபடி என்கிறது. அனுப்பலாமா? (வாசகர், திருநெல்வேலி)

வேண்டாம். 20 முதல் 30 சதவீதம் முன்பணம், மீதியைப் பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்போ வந்து சேர்ந்த பிறகோ கொடுப்பது என்பது அங்கே நடைமுறையில் உள்ள முறை. முழுத்தொகையும் போன பிறகு உங்களிடம் பேரம் பேச ஒன்றும் மிஞ்சாது.

கென்யாவில் சுற்றுலா நிறுவனங்களுக்கு உரிமம் தருவது சுற்றுலா ஒழுங்குமுறை ஆணையம். உரிம எண்ணைக் கேளுங்கள். 'கேட்டோ' என்று சுருக்கமாக அழைக்கப்படும் கென்யச் சுற்றுலா நிறுவனங்கள் சங்கத்தில் உறுப்பினரா என்பதைச் சங்கத்தின் பட்டியலிலேயே பாருங்கள், நிறுவனம் அனுப்பும் சின்னத்தை நம்ப வேண்டாம். வழிகாட்டிகளுக்கும் தனிச் சங்கம் உண்டு. தேர்வு எழுதி வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரம் வாங்குகிறார்கள். எந்தத் தர வழிகாட்டி வருவார் என்று கேட்பது உங்கள் உரிமை. விலையில் ஐம்பது டாலர் குறைப்பதைவிட நல்ல வழிகாட்டியைக் கேட்டு வாங்குவது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆயிரம் மான்களில் ஒன்று மட்டும் ஏன் ஒரே திசையை உற்றுப் பார்க்கிறது என்று கவனித்து அங்கே வண்டியைத் திருப்புகிறவர் அவர்தான்.

கிரெடிட் கார்டில் கட்டுங்கள். இரண்டு மூன்று சதவீதம் கூடுதலாகக் கேட்டாலும் பரவாயில்லை, தகராறு வந்தால் வங்கியிடம் முறையிட வழி இருக்கும். தனிநபர் பெயரில் உள்ள கணக்குக்கு எந்தக் காரணத்துக்காகவும் அனுப்பாதீர்கள். இந்திய நிறுவனம் வழியாக வெளிநாட்டுத் தொகுப்பு வாங்கினால் டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். அது போன பணம் இல்லை, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ரசீதை வைத்திருங்கள்.

கேள்வி: தென்னாப்பிரிக்கா தொகுப்பில் 'சிங்கக்குட்டிக்குப் பால் ஊட்டலாம், சிங்கத்தோடு நடக்கலாம்' என்று இருக்கிறது. பிள்ளைகள் துடிக்கிறார்கள். பாதுகாப்பானதா? (வாசகி, பெங்களூரு)

பாதுகாப்பு ஒருபுறம் இருக்கட்டும், தயவுசெய்து இதை வாங்காதீர்கள். குட்டிகள் மனிதர்களுக்குப் பழக வேண்டும் என்று பிறந்த சில நாட்களிலேயே தாயிடம் இருந்து பிரித்துவிடுகிறார்கள். கொஞ்சம் வளர்ந்ததும் கூட நடக்க வைக்கிறார்கள். கையாள முடியாத அளவுக்கு வளர்ந்த பிறகு பல சிங்கங்கள் போய்ச் சேர்வது வேலி போட்ட வேட்டைப் பண்ணைகளுக்கும் எலும்பு வியாபாரத்துக்கும். காட்டில் விட முடியாது, அவற்றுக்கு வேட்டை தெரியாது. சிங்கங்களை அடைத்து வளர்த்துப் பெருக்கும் இந்தத் தொழிலை முடிவுக்குக் கொண்டுவரப்போவதாகத் தென்னாப்பிரிக்க அரசே 2021-ல் அறிவித்தது. நாம் கட்டும் டிக்கெட்தான் அதை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பணத்தில் குரூகர் தேசியப் பூங்காவில் இரண்டு இரவு கூடுதலாகத் தங்குங்கள். பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு அதைப் போல வசதியான இடம் ஆப்பிரிக்காவில் குறைவு. வாடகைக் காரில் நாமே ஓட்டிப் பார்க்கலாம். தார்ச் சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர், மண் சாலையில் 40, அதற்கு மேல் கூடாது. குறிப்பிட்ட இடங்களைத் தவிர வண்டியை விட்டு இறங்கக் கூடாது. ஸ்குகூசா, லோயர் சாபி, சதாரா போன்ற முகாம்களில் சமையல் வசதியுள்ள குடில்களும் கிடைக்கும். தேசியப் பூங்காக்கள் துறையிடமே நேரடியாகப் பதிவு செய்யுங்கள், இடைத்தரகர் தேவையில்லை.

கேள்வி: மசாய் கிராமத்தைப் பார்க்கப் பணம் கொடுக்க வேண்டுமா? அங்கே என்ன வாங்கலாம்? (வாசகர், புதுச்சேரி)

கொடுக்க வேண்டும், அது அவர்கள் வீடு. தொகையை முன்பே கேட்டுக்கொண்டு, ஓட்டுநர் கையில் இல்லாமல் கிராமத்தில் பொறுப்பில் இருப்பவர் கையிலேயே கொடுங்கள். பெண்கள் கோக்கும் மணி மாலைகளும் சிவப்புக் கட்டம் போட்ட ஷூக்கா போர்வையும் வாங்கலாம். தந்தம், தோல், பல், நகம், இறகு எதையும் தொடாதீர்கள். கென்யாவில் அவற்றை வைத்திருப்பதே குற்றம், இந்தியாவிலும் சுங்கத்தில் மாட்டும்.

கேள்வி: 'ஐந்து பெரிய விலங்குகளும் (சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை) நிச்சயம்' என்று விளம்பரம் செய்து அழைத்துப்போனார்கள். சிறுத்தையும் காண்டாமிருகமும் கண்ணில் படவே இல்லை. பணம் திரும்பக் கேட்கலாமா? (வாசகர், சென்னை)

விலங்கைப் பார்க்கவில்லை என்பதற்காக மட்டும் கேட்டால் கிடைப்பது கடினம். யோக்கியமான எந்த நிறுவனமும் 'நிச்சயம்' என்று எழுதாது. மாராவில் கருப்புக் காண்டாமிருகங்கள் சில டஜன்தான், புதருக்குள் ஒதுங்கி வாழ்பவை. காண்டாமிருகம் பார்த்தே ஆக வேண்டும் என்றால் நகூரு ஏரிப் பூங்காவையோ லைக்கிப்பியாவில் உள்ள ஒல் பெஜெட்டாவையோ பயணத்தில் சேர்க்க வேண்டும். உலகில் மிஞ்சியிருக்கும் கடைசி வடக்கு வெள்ளைக் காண்டாமிருகங்கள், நஜின், ஃபாத்து என்ற தாயும் மகளும், ஒல் பெஜெட்டாவில்தான் இருக்கின்றன.

ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: மூன்று கேம் டிரைவ் என்று சொல்லி இரண்டுதான் கூட்டிப்போனார்கள், லேண்ட் குரூசர் என்று சொல்லி வேன் அனுப்பினார்கள். வழக்குக்கு அதுதான் பலம். 'நிச்சயம்' என்ற விளம்பரத்தைத் தவறான விளம்பரம் என்று அதோடு சேர்த்துச் சொல்லலாம். பயணத் திட்டம், மின்னஞ்சல்கள், வண்டியின் படம், பணம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்குங்கள். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் அனுப்பி, பதிலுக்குப் பதினைந்து நாள் கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. பிரச்சினை நடந்ததில் இருந்து இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

கேட்கும் தொகையையும் கணக்கோடு கேளுங்கள்: விடுபட்ட நாளின் நுழைவுக் கட்டணம், இரண்டு வண்டிகளுக்கும் உள்ள விலை வித்தியாசம், செலவு, மன உளைச்சலுக்கு ஒரு தொகை. அந்த நாளுக்கான டிக்கெட் உங்கள் பெயரில் எடுக்கப்பட்டதா என்பதற்கு ரசீது காட்டும்படி நிறுவனத்திடம் இப்போதே கேட்டு வையுங்கள்.